பக்கம் திருப்பும் நேரம்

லியோன்,
4 அக்டோபர் 1984

அன்புள்ள ஒர்தான்ஸ் அக்காவுக்கு,

இங்கே நான் நலம், வலது தோளைத் தவிர. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? துவார்னெனேயில் மழை தொடங்கியிருக்கும். கடற்கரைப் பக்கம் போகும்போது கைத்தடியை எடுத்துக்கொண்டு போ, வீம்பு பண்ணாதே.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். பாரிஸ் பதிப்பகம் ஒன்றிலிருந்து தெல்ஃபின் ரோஷார் என்று ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. செவெரன் கல்மேத் செத்து இத்தனை வருஷம் கழித்து, அவர் இசை முழுவதையும் பிழைதிருத்திப் புதிதாக அச்சிடப் போகிறார்களாம். யாரிடம் வந்து சொல்கிறாள் பார். முப்பத்தெட்டு வருஷமாக இசைக்குழுவின் முன் நின்று அந்த மனிதரின் இசையை நடத்துகிறவன் நான். 'உப்பளங்கள்' சிம்பொனி மட்டும் அறுபத்தோரு முறை. அதன் இரண்டாம் பகுதியில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து ஏறி, உச்சியில் சட்டென்று நின்று, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளுமே ஒரு மௌனம், அதைக் கேட்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள். அவள் சொல்கிறாள்:

"ஐயா, கல்மேத் கைப்பட எழுதுன பிரதி கிடைச்சிருக்கு. அதுல இந்த இடத்துல நிறுத்தக் குறியே இல்லீங்க."

"இல்லாட்டி என்னம்மா? அவரே எங்கிட்ட வாயால சொன்னாரு."

"எழுத்துல ஏதாவது இருக்குங்களா?"

கதவைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

மார்ச் பதினான்காம் தேதி என் கடைசிக் கச்சேரி. வானொலியில் நேரடியாகப் போகும். 'உப்பளங்கள்'தான். அதற்குள் இது முடிய வேண்டும். 1947இல் முதல் கச்சேரிக்கு வாத்தியக்காரர்களின் தாள்களையெல்லாம் படியெடுத்தவள் நீதானே. 'கல்மேத் சொன்னபடிதான் அந்தக் குறியைப் போட்டேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அது போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஆன்செல்ம்


துவார்னெனே,
19 அக்டோபர் 1984

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது. நானும் இருக்கிறேன். தோளுக்குச் சூடான உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு.

இங்கே மழைதான். பக்கத்து வீட்டு மதாம் லெ கோஃபின் நாய் என் முட்டைக்கோஸ் பாத்தி முழுவதையும் தோண்டிப்போட்டுவிட்டது. கூப்பிட்டுக் காட்டினேன். "எங்க நாய் அப்படிப் பண்ணாதே," என்கிறாள். அது பக்கத்தில் நிற்கிறது, மூக்கெல்லாம் மண்.

நீ கேட்டதைப் படித்தேன்.

அக்கா


லியோன்,
2 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. உன் நலத்தையும் உன் முட்டைக்கோஸின் நலத்தையும் அறிய ஆவல். புனிதர் அனைவர் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் நேற்று நீயாவது செவ்வந்தி வைத்திருப்பாய். எனக்கு ஒத்திகை.

'நீ கேட்டதைப் படித்தேன்' என்றால் என்ன அர்த்தம்? நான் அதைப் படிப்பதற்காகவா எழுதினேன்? அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதிய பதிப்பில் மௌனத்தை எடுத்துவிடப் போகிறார்களாம். அடிக்குறிப்பில் என்ன போடுவார்களாம் தெரியுமா? 'படியெடுத்தவரின் கவனக்குறைவு.' உன் பெயரோடு. நம் இசைக்குழுவின் பழைய பதிவேட்டிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டாள், கெட்டிக்காரி.

இப்போதாவது கோபம் வருகிறதா? உன் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த ஒரு வரியைக் கேட்கிறேன். கைவிரல் எழுதச் சிரமப்பட்டால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன், நீ கையெழுத்து மட்டும் போடு.

தம்பி ஆன்செல்ம்


துவார்னெனே,
10 நவம்பர் 1984

தம்பிக்கு,

நலம். செவ்வந்தி வைத்தேன். உன் பங்கையும் சேர்த்து வைத்தேன், எல்லா வருஷமும் போல.

என் மானத்தைக் காப்பாற்ற நீ கிளம்பியிருக்கிறாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எழுதுகிறேன்.

1946 குளிர்காலம். இசைக்குழுவின் நூலக அறையில் அடுப்புக்குக் கரி இல்லை. கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு எழுதினேன். இசைத்தாள் எங்கும் கிடைக்கவில்லை. ரேஷன் அலுவலகம் கழித்துப்போட்ட படிவங்களை வாங்கி, பின்பக்கத்தில் நானே கோடு போட்டேன். வழக்கமான தாளில் பாதிதான் இருக்கும். வாசிக்கிறவனுக்குக் கை ஓய்கிற இடத்தில் பக்கம் முடிய வேண்டும். படியெடுப்பவளுக்கு அதுதான் முதல் பாடம். அந்த இரண்டாம் பகுதியிலோ யாருக்கும் கை ஓய்வதில்லை, எல்லாரும் ஒன்றாக ஏறிக்கொண்டே போகிறார்கள். சின்னத் தாள் என்பதால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் பக்கம் முடிந்தது. இருவருக்கு ஒரு தாள். ஒருவன் வில்லை விட்டுவிட்டுத் திருப்பினால் பாதி ஓசை விழுந்துவிடும். அதனால் எல்லாத் தாளிலும் அந்த இடத்தில் நிறுத்தக் குறி போட்டேன். ஒரு புள்ளி, மேலே ஒரு வளைவு. நீ வந்து எட்டிப் பார்த்தாய்.

"என்னக்கா இது, கல்மேத் இங்க நிக்கச் சொல்லலியே?"

"பக்கம் திருப்ப வேணாமா? பெரிய தாள் கிடைச்சதும் வேற எழுதித் தர்றேன். அதுவரைக்கும் இதுல ஓட்டு."

"சரியான ஆளுதான் நீ," என்று சிரித்தாய். பெரிய தாள் கிடைக்கவில்லை. பிப்ரவரி கச்சேரிக்கும் அந்தத் தாளையே வைத்தாய். மறுநாள் பத்திரிகைக்காரன், போரில் செத்தவர்களெல்லாம் அந்த மௌனத்தில் வந்து நின்றார்கள் என்று எழுதினான். நீ அதைக் கத்தரித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டாய். ஒருவரும் வந்து நிற்கவில்லை, ஆன்செல்ம். அறுபது பேர் பக்கம் திருப்ப நின்றார்கள்.

பிறகு 1951இல் என் தாள்களைப் பார்த்துத்தான் அச்சுக் கோத்தார்கள். குறியும் அச்சில் ஏறிவிட்டது. ஆனால் அச்சுத்தாள் பெரியது, குறி பக்கத்தின் நடுவில் விழுகிறது. இப்போது அங்கே யாரும் எதையும் திருப்புவதில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறார்கள்.

கல்மேத் சொன்னதாக நான் எழுத மாட்டேன்.

அக்கா


லியோன்,
20 நவம்பர் 1984

அக்காவுக்கு,

நீ நலமாக இல்லை என்று உன் கடிதத்திலிருந்தே தெரிகிறது. எழுபத்தாறு வயதில் நினைவு தடுமாறுவது சகஜம்தான், டாக்டரிடம் காட்டு.

தாள் சின்னது, அது உண்மையாக இருக்கலாம். ஆனால் கல்மேத் சொன்னது எனக்கு நேற்று நடந்தது போல இருக்கிறது. 1947 மே மாதம், நாந்த் மருத்துவமனை. ஜன்னலோரக் கட்டில், சாம்பல் கம்பளி. எனக்கு ஒரு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்த மௌனம் இருக்கட்டும்பா. நான் எழுத மறந்தத நீ கேட்டுட்ட," என்றார். இதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன், எத்தனை இசைத்தட்டின் அட்டையில் போட்டிருக்கிறார்கள். நாடே அறிந்ததை நீ ஒருத்தி இல்லை என்கிறாய்.

உனக்கு என்மேல் ஏதோ பழைய வயிற்றெரிச்சல். அதை இப்போது தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

ஆன்செல்ம்


லியோன்,
12 டிசம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தொலைபேசியையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு ஊரெல்லாம் ஜன்னலில் விளக்கு வைத்திருந்தார்கள். நான் வைக்கவில்லை.

நேற்று ஒத்திகையில் நடந்ததைக் கேள். வியோலாக்காரன் கிராத்தியானை உனக்குத் தெரியும், 46இல் சேர்ந்தவன். இப்போது பல்லெல்லாம் போய் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். இரண்டாம் பகுதி. நான் கையைத் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். அரங்கம் அப்படியே உறைந்து நிற்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணிடம் இவன் மெல்லச் சொல்கிறான்:

"பக்கத்தத் திருப்பிக்கம்மா."

"பக்கமே முடியலீங்களே."

"எங்க காலத்துல இங்கதான் முடிஞ்சுது."

மொத்தக் குழுவும் சிரித்துவிட்டது. கோலை அவன்மேல் எறிந்தேன். படவில்லை. "ஐயா, குறி தப்பிப் போச்சு," என்கிறான் அந்தப் படவா, அதற்கும் சிரிப்பு.

நீ அவனுக்கு ஏதாவது எழுதினாயா? அல்லது இத்தனை வருஷமும் என் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்களா? பதில் போடு. குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

தம்பி


துவார்னெனே,
6 ஜனவரி 1985

ஆன்செல்முக்கு,

புத்தாண்டு வாழ்த்து. மதாம் லெ கோஃப் ராஜாக்கள் திருநாள் கேக் கொண்டுவந்தாள். உள்ளே ஒளித்து வைக்கும் பொம்மை என் துண்டில்தான் கிடைத்தது, காகிதக் கிரீடத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதோடுதான் எழுதுகிறேன்.

நான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குத் தாங்கள் ஏன் நின்றோம் என்பது எப்போதும் தெரியும். உனக்குத்தான் மறந்துபோனது. வயிற்றெரிச்சல் என்றாயே, எது என்று சொல்லிவிடுகிறேன்.

1947 ஏப்ரல், ஒரு திங்கட்கிழமை. மேலாளர் வெர்னூ என்னைக் கூப்பிட்டார். "உங்க வேலையப் பத்திப் புகார் வந்திருக்கு, மத்மசெல். சாவிய வெச்சுட்டுப் போங்க," என்றார். யார் கொடுத்த புகார் என்று சொல்லவில்லை. உன்னிடம் ஓடிவந்தேன். "நான் பேசிப் பாக்கறேன்க்கா," என்றாய். ஒரு வாரம் கழித்து, "ஒண்ணும் பண்ண முடியல," என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை வந்தாய். நானும் உன்னை நம்பி, ஜன்னல் வழியாகக் கை ஆட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இந்த ஊர் மத்தி மீன் ஆலையில் டப்பாக்களுக்கு விலாசம் எழுதினேன்.

ஜூன் மாதம் கல்மேத்திடமிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. அதற்குள் நீ அவருக்கு எழுதிய கடிதமும் இருந்தது. முதல் கச்சேரியை வானொலியில் கேட்டுவிட்டு, 'என் இசையில் ஓட்டை போட்டது யார்?' என்று அவர் உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ பதில் எழுதியிருக்கிறாய்: 'அது என் அக்காவின் கவனக்குறைவு. அவளை நீக்கச் சொல்லிவிட்டேன்.' கவனக்குறைவு. அந்தப் பாரிஸ் பெண் போடப்போகும் அதே வார்த்தை. அவள் அறியாமல் போடுகிறாள்.

கல்மேத் எனக்கு எழுதியதை வார்த்தை மாறாமல் கீழே தருகிறேன்:

'மத்மசெல், உங்கள் தம்பி உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார். கடிதத்தை இணைத்திருக்கிறேன். போன வாரம் இங்கே வந்து என் ஆரஞ்சுப் பழங்கள் மூன்றையும் தின்றுவிட்டுப் போனார். அந்த ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். இரண்டு நாள் கோபமாக இருந்தேன். வானொலியில் அந்த இடத்தில் காகிதம் படபடத்தது, கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பியது போல. மூன்றாம் நாள் அந்தப் பகுதியை நிற்காமல் பாடிப் பார்த்தேன். யாரோ ஜன்னலைச் சாத்திவிட்டது போல இருந்தது. குறி இருக்கட்டும். அது உங்களுடையது. உங்கள் தம்பியிடம் சொல்லாதீர்கள், தன்னுடையது என்று சொல்லிக்கொள்வார்.'

இதைக் காட்டி அன்றே வேலையைத் திரும்பக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை வருவாய், மீன் சாப்பிடுவாய், கல்மேத் உன் மணிக்கட்டைப் பிடித்த கதையை என் வீட்டு மேசையிலேயே உட்கார்ந்து எனக்கே சொல்வாய். நான் உனக்குப் பரிமாறிக்கொண்டிருப்பேன்.

இந்தக் கடிதம் ஒன்றுதான் உன் மௌனத்தைக் காப்பாற்றும். அசல் என்னிடம் இருக்கிறது. நீயும் ஒரு வரி எழுது: 'அந்தக் குறி என் அக்கா போட்டது.' கையெழுத்துப் போட்டு அனுப்பு. வந்த அன்றே அந்தப் பெண்ணுக்கு அனுப்புகிறேன். கைவிரல் எழுதச் சிரமப்பட்டால் தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

ஒர்தான்ஸ்


லியோன்,
15 ஜனவரி 1985

முப்பத்தெட்டு வருஷம் மனதில் வைத்துக்கொண்டு எனக்கு மீன் பரிமாறினாயா? நான் செய்தது ஒரு நாள் கோழைத்தனம். நீ செய்தது வாழ்நாள் முழுக்க.

ஆமாம், எழுதினேன். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, முதல் பெரிய கச்சேரி, கல்மேத் கோபித்துக்கொண்டால் என் கதை முடிந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நீ ஒரு புள்ளியும் வளைவும் போட்டாய். நிற்கச் சொல்ல யாராலும் முடியும். அன்றைக்கு அது நான்கு விநாடி, பக்கம் திருப்புகிற நேரம். அதை ஒன்பது விநாடி ஆக்கியவன் நான். ஒருவன் இருமினால் உடைந்துபோகும் அதை, அறுபத்தோரு முறை, தூக்கிய கையை அசைக்காமல் தாங்கினேன். இந்தத் தோள் போனதே அதனால்தான். அதை எந்தத் தாளில் எழுதி வைத்திருக்கிறாய்?

ஒரு வரியும் எழுத மாட்டேன். நீயும் இனி எழுத வேண்டாம்.

ஆ. மொர்வான்


துவார்னெனே,
2 பிப்ரவரி 1985

மதிப்பிற்குரிய இசை நடத்துநர் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன்.

கல்மேத்தின் கடிதத்தை நான் அந்தப் பெண்ணுக்கு அனுப்பவில்லை. அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் கடிதம் போடுவது உங்கள் குடும்பத்தில் உங்களுக்கு மட்டும் கைவந்த கலை. அனுப்பினால் உங்களுக்குத் தெரிந்துதான் அனுப்புவேன்.

தாங்கினேன் என்கிறீர்கள். அது உண்மை, அதை நான் எப்போதும் இல்லை என்று சொன்னதில்லை. அறுபத்தோரு முறையில் வானொலியில் வந்ததையெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டவள் நான். 'அது என் அக்கா போட்ட குறி' என்று ஒரு முறை, ஒரே ஒரு ஆளிடம் நீங்கள் சொல்லியிருந்தால் போதுமே. அதற்குக் கூடவா தோள் வலிக்கும்?

என் தாள்கள் என்னிடம் இல்லை. உங்கள் நூலகத்தில், வடக்குச் சுவர் அலமாரியின் அடித்தட்டில், சாம்பல் நிறப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டு வந்தேன். அச்சுக்கு எடுத்தவர்கள் எறியாமல் திருப்பி வைத்திருந்தால் அங்கேயே இருக்கும். போய்ப் பாருங்கள். முன்பக்கம் ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் பெயர் எழுதும் கட்டங்கள், பின்பக்கம் என் கையெழுத்து.

இன்று மெழுகுதிரித் திருநாள், இங்கே வீட்டுக்கு வீடு தோசை சுடும் நாள். வருஷம் முழுக்கக் காசு தங்குமாம் என்று ஒரு கையில் காசைப் பிடித்துக்கொண்டு மாவுத் தோசையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தேன். இந்த வயதிலும் கீழே விழவில்லை.

ஒர்தான்ஸ் மொர்வான்


துவார்னெனே,
15 மார்ச் 1985

ஆன்செல்ம்,

நேற்று கேட்டேன்.

மதாம் லெ கோஃபும் நாயோடு வந்து உட்கார்ந்துகொண்டாள். அறிவிப்பாளர் உன்னைப் பற்றி ஏழு நிமிஷம் புகழ்ந்தார். கச்சேரிக்கு முன் நீ பேச மறுத்துவிட்டதாகவும், மணிக்கட்டுக் கதையைச் சொல்லும்படி கேட்டபோது 'அது நடக்கவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதாகவும் சொன்னார். அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் பெயரைச் சொல்வாயோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை அணைக்கப் போனேன். "இருங்க ஒர்தான்ஸ், ஆரம்பிச்சுட்டாங்க," என்று அவள்தான் கையைப் பிடித்தாள்.

இரண்டாம் பகுதி வந்தது. ஏறியது, ஏறியது, நின்றது. அப்புறம் அந்தச் சத்தம் வந்தது. படபடவென்று.

"ரேடியோ கெட்டுப்போச்சா?" என்றாள் மதாம் லெ கோஃப். நாய் எழுந்து நின்று காதை விறைத்துக்கொண்டது.

"இல்ல," என்றேன். "பக்கம் திருப்பறாங்க."

அச்சுத்தாளில் அங்கே திருப்ப ஒன்றுமில்லை. அறுபது பேர் முன்னாலும் என் ரேஷன் தாளை வைத்திருக்கிறாய். அந்தத் தடித்த காகிதத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா? பல வருஷம் கழித்து அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். ஒன்று மட்டும் தாமதமாகத் தனியாகக் கேட்டது. வியோலா மூன்றாம் மேசையாக இருக்க வேண்டும். அந்தத் தாளின் ஓரம் அப்போதே ஒட்டிக்கொள்ளும். கிராத்தியானிடம் சொல், எச்சிலைத் தொட்டுத்தான் திருப்ப வேண்டும்.

என் கோபம் தீரவில்லை. அறுபது பேரின் கையால் சொல்ல வைத்தாயே தவிர, உன் வாயால் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் மீன் டப்பாவுக்கு விலாசம் எழுதியதற்கு ஒரு படபடப்பு ஈடாகிவிடும் என்று நினைக்காதே. ஈஸ்டருக்கு வந்தால் நீயே மீனைக் கழுவி, நீயே பரிமாறு.

கல்மேத்தின் கடிதத்தை இன்று காலை அந்தப் பெண்ணுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நீ கல்மேத்துக்கு எழுதியதை அடுப்பில் போட்டேன். கல்மேத்தின் கடிதத்தோடு என் கையால் ஒரு வரி எழுதி வைத்தேன்: 'குறி என்னுடையது. நீளம் என் தம்பியுடையது.'

ஒன்பது விநாடி என்று பீற்றிக்கொண்டாய். நேற்று எண்ணினேன், பதின்மூன்று. எழுபத்து நான்கு வயதில் அவ்வளவு நேரமா கையைத் தூக்கி வைத்திருப்பது? தோள் எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா